ஆப்பிள் பொருளை விற்கிறது, கூகுள் நம்மை விற்கிறது என்பது எவ்வளவு தூரம் உண்மை?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இதுதான். பொறியியல் படிக்கும் அவருடைய அக்காள் மகன், "ஆப்பிள் பொருளை விற்கிறது, கூகுள் நம்மையே விற்கிறது; அதனால் எனக்கு ஐபோன்தான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்கிறான். அவருடைய தம்பியோ, ஐபோன் என்பது வெறும் பகட்டு, பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன் செய்யாத எதை அது செய்துவிடப் போகிறது என்கிறார். குறுவையையும் தாளடியையும் நம்பியிருக்கும் குடும்பம். யார் பேச்சைக் கேட்பது? எந்த போன் நல்லது என்று கேட்பதுபோலத் தோன்றினாலும், உண்மையில் இங்கே கேட்கப்படுவது வேறு என்று நினைக்கிறேன். இந்த நிறுவனங்களுக்குப் பணம் எந்த வழியில் வருகிறது, அந்த வழி நம்மை அவை நடத்தும் விதத்தை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதே கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எதை வாங்குவது என்பது தானே தெளிந்துவிடும்.

மின்னணுவியலில் பட்டயப் படிப்பு முடித்த நான், கும்பகோணத்தில் கைபேசி விற்பனையும் பழுது நீக்கலும் செய்யும் கடை ஒன்றை, பொத்தான் போன்களின் காலத்திலிருந்தே நடத்தி வருகிறேன். நண்பர்களோடு சேர்ந்து, நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்யும் சிறிய செயலி ஒன்றை எழுதி, கூகுளின் பிளே ஸ்டோர், ஆப்பிளின் ஆப் ஸ்டோர் இரண்டிலும் ஏற்றியிருக்கிறேன். நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளையும் தீர்ப்புகளையும் பற்றி நான் சொல்பவை பொதுவில் பதிவானவை. அவற்றை உறுதியாகக் கொள்ளலாம். என் கடை மேசையிலிருந்து பார்த்துச் சொல்பவை டெல்டாவின் ஒரு மூலைக்குரியவை. சென்னைக்கும் கோவைக்கும் அவை அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன்.

முதலில் ஆப்பிள். 2024 நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் மொத்த வருவாய் ஏறத்தாழ 39,100 கோடி டாலர். அதில் பாதிக்குச் சற்று மேல், அதாவது சுமார் 20,100 கோடி டாலர், ஐபோன் விற்பனையில் மட்டும் வந்தது. ஆகவே "ஆப்பிள் பொருளை விற்கிறது" என்ற வாக்கியத்தில் தவறில்லை. ஆனால் அதே கணக்கில் சேவைகள் என்ற தலைப்பின் கீழ் சுமார் 9,600 கோடி டாலர் இருக்கிறது. பொருள்களில் ஒவ்வொரு நூறு டாலர் விற்பனைக்கும் அடக்கச் செலவு போக ஏறத்தாழ 37 டாலர் மிஞ்சும்போது, சேவைகளில் 74 டாலர் மிஞ்சுகிறது. வியாபாரம் தெரிந்த யாருக்கும் இந்த இரண்டு எண்களே போதும். எதிர்காலத்தில் அந்த நிறுவனத்தின் கண் எங்கே இருக்கும் என்பது புரிந்துவிடும். சேவைகள் என்றால் ஐகிளவுட் சேமிப்பிடம், இசைச் சந்தா, செயலிகளில் எடுக்கும் கமிஷன், ஆப் ஸ்டோருக்குள்ளேயே காட்டப்படும் விளம்பரங்கள். இவற்றோடு கூகுள் கொடுக்கும் பணமும் உண்டு. கடைசியாகச் சொன்னதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கூகுளின் கதை தலைகீழானது. ஆண்ட்ராய்டு 2003-இல் தனி நிறுவனமாகத் தொடங்கியது. 2005-இல் கூகுள் அதை வாங்கியது. மக்கள் கணினியை விட்டுக் கைபேசிக்கு நகரும்போது, அந்தக் கைபேசியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் மைக்ரோசாஃப்ட் போன்ற வேறு யாருடைய கையிலாவது இருந்தால் தன் தேடுபொறிக்கு நுழைவு கிடைக்காமல் போய்விடும் என்ற அச்சம் அதற்கு இருந்தது. எனவே இயங்குதளத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024 வருவாய் சுமார் 35,000 கோடி டாலர். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கூகுள் உங்கள் பெயரையும் எண்ணையும் பட்டியலாக அச்சடித்து உரக்கடைக்காரரிடம் விற்பதில்லை. நெல் விதை தேடுபவர், டிராக்டர் கடன் தேடுபவர், கல்யாண மண்டபம் தேடுபவர் என்று நம்மை வகை பிரித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அந்த வகையினரின் கண்ணில் படும் இடத்தை ஏலம் விடுகிறது. விற்கப்படுவது நம் கவனம்; நம்மைப் பற்றிய விவரம் அந்த விற்பனைக்கு மூலதனம். விவரம் கைமாறாததால் தீங்கே இல்லை என்று ஆகிவிடாது. ஆனாலும் நம்மையே விற்கிறது என்பது மிகைப்படுத்திய பேச்சு.

ஆண்ட்ராய்டு இலவசம் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இயங்குதளத்தின் மூலநிரல் இலவசம்; ஆனால் பிளே ஸ்டோர், வரைபடம், யூடியூப் ஆகியவற்றை போனில் ஏற்ற, தயாரிப்பாளர் கூகுளோடு ஒப்பந்தம் போட வேண்டும். பிளே ஸ்டோர் இல்லாத போனை நம் ஊரில் யாரும் தொடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2019 மே மாதத்தில் அமெரிக்க அரசின் தடையால் கூகுள் சேவைகளை இழந்த சீன போன் நிறுவனமான ஹுவாவே, சீனாவுக்கு வெளியே சரிந்ததே இதற்குச் சான்று. கல்லணையில் நிற்பவர் தண்ணீருக்குச் சொந்தக்காரர் அல்லர். ஆனால் காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு எவ்வளவு என்று ஷட்டரை ஏற்றி இறக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. பிளே ஸ்டோர் கூகுளுக்கு அப்படிப்பட்ட இடம். இந்த ஒப்பந்தங்களின் வழியே தன் தேடுபொறியையும் மற்றச் செயலிகளையும் கட்டாயமாகத் திணித்ததற்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆணையம் இட்ட பத்துக் கட்டளைகளில் நான்கை மட்டும் நீக்கியது. ஐரோப்பிய ஆணையம் 2018-லேயே இதே போன்ற காரணத்துக்காக 434 கோடி யூரோ அபராதம் போட்டிருந்தது. பின்னர் நீதிமன்றம் அதைச் சற்றே குறைத்தது.

இப்போது கூகுள் ஆப்பிளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகனின் வாதம் சறுக்கும் இடம் இதுதான். ஐபோனோடு வரும் இணைய உலாவியான சஃபாரியைத் திறந்து எதையாவது தேடினால் அந்தத் தேடல் கூகுளுக்குத்தான் போகிறது. அந்த இடத்துக்காக 2022-ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளிவந்தது. சஃபாரி வழியே வரும் தேடல் விளம்பர வருவாயில் 36 விழுக்காடு ஆப்பிளுக்குப் போகிறது என்பதும் அதே வழக்கின் சாட்சியத்தில் வெளியானது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். ஓராண்டு கழித்துப் பரிகாரத்தை அறிவித்தபோது, பிற தேடுபொறிகளை ஒதுக்கிவைக்கும் ஒப்பந்தங்களைத் தடை செய்தார். பணம் கொடுப்பதையே தடுக்கவில்லை. ஆக, விளம்பரப் பணத்தை வெறுப்பதாகக் காட்டிக்கொள்ளும் நிறுவனம், உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனத்திடமிருந்து ஆண்டுதோறும் பங்கு வாங்கிக்கொண்டிருக்கிறது. ஐபோன் வாங்குபவர் பொருளுக்கும் விலை கொடுக்கிறார், தேடும்போது தன் கவனத்தையும் கொடுக்கிறார்.

இந்த இரண்டு வகை வியாபாரத்துக்கும் இடையில் சிக்கி அழிந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அழிவு நம் மாநிலத்தில் வந்து விழுந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது நோக்கியா தன் உயர்ரக போன்களில் சிம்பியன் என்ற இயங்குதளத்தை வைத்திருந்தது. ஐபோன் 2007-இல் வந்தது, முதல் ஆண்ட்ராய்டு போன் 2008-இல் வந்தது, நோக்கியா தடுமாறியது. 2011 பிப்ரவரியில், ஆண்ட்ராய்டு பக்கம் போகாமல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனோடு கைகோத்தது. மைக்ரோசாஃப்ட் அந்நாளில் தன் இயங்குதளத்துக்குத் தயாரிப்பாளர்களிடம் உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கூகுள் இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. சிறிய திரைக் கருவிகளுக்கு 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டும் கட்டணத்தை நீக்கியது. அதற்குள் செயலி எழுதுபவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து குடியேறிவிட்டார்கள், மூன்றாவது வீட்டுக்கு ஆள் வரவில்லை. அதே ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்டபோது, வரி வழக்கில் மாட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் விட்டுவிட்டது. 2014 நவம்பரில் அங்கே உற்பத்தி நின்றது. ஆலை மூடியதற்கு வரிப் பிரச்சினையே முழுக் காரணம் என்று இன்றும் பேசுவார்கள். அது ஒரு காரணம் என்பது உறுதி, ஆனால் விற்பனையில் முதலிடத்தில் இருக்கும் நிறுவனத்தின் ஆலையாக இருந்திருந்தால் அந்த வழக்கைத் தாண்டியும் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தப்படுகிறது. "நம்ம ஊரில் செய்கிற போன்தானே, ஏன் விலை குறையவில்லை" என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. விலையை நிர்ணயிப்பது பொருத்தும் கூலி அல்ல; அது மொத்த விலையில் மிகச் சிறிய பங்கு.

உங்கள் தம்பி சொல்லும் பன்னிரண்டாயிரம் ரூபாய் போனுக்கு வருவோம். ஆப்பிளா கூகுளா என்ற சண்டையில் எப்போதும் விடுபட்டுப் போகும் மூன்றாவது ஆள் இங்கேதான் இருக்கிறார்: போனைத் தயாரிக்கும் நிறுவனம். மலிவு விலை ஆண்ட்ராய்டு போனில் தயாரிப்பாளருக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. வன்பொருளில் நிகர லாபம் ஐந்து விழுக்காட்டைத் தாண்டாது என்று ஷாவ்மியின் நிறுவனர் லெய் ஜுன் 2018-இல் வெளிப்படையாகவே உறுதி கூறினார். விற்ற அன்று கிடைக்காத லாபத்தை விற்ற பிறகு எடுப்பதே அந்த வியாபார முறை. போனைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே உள்ளே இருக்கும் கடன் செயலிகள், விளையாட்டுகள், செய்திச் செயலிகள் எல்லாம் பணம் கொடுத்து உள்ளே வந்தவை. பூட்டுத் திரையில் வரும் படங்கள், கோப்புகளைப் பார்க்கும் செயலியிலும் பாட்டுக் கேட்கும் செயலியிலும் இடையிடையே நுழையும் விளம்பரங்கள் ஆகியவற்றுக்குக் கூகுளைத் திட்டுபவர்களே அதிகம். அவற்றில் பெரும்பகுதி தயாரிப்பாளரின் வேலை. போன் கெட்டுவிட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று என் கடைக்கு எடுத்து வரும் பெரியவர்கள் பலருடைய போனில் ஒரு பழுதும் இருப்பதில்லை. தேவையற்ற செயலிகளை நீக்கி, அறிவிப்புகளுக்கான அனுமதியை அணைத்து, தயாரிப்பாளரின் சொந்தச் செயலிகளில் "பரிந்துரைகள்" என்ற பெயரில் ஒளிந்திருக்கும் விளம்பரங்களை நிறுத்திக் கொடுத்தால் போதும், போன் புதியதுபோல் ஆகிவிடும். கூகுளே விற்கும் பிக்சல் போன்களிலும், சுத்தமான ஆண்ட்ராய்டு தருவதாகச் சொல்லி விற்கும் சில போன்களிலும் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே "ஆண்ட்ராய்டு" என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைப்பது சரியல்ல.

இதன் இன்னொரு முகம் தவணை விற்பனை. சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் பக்கம் போன் விற்பனை ஏறும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் தவணைதான். தவணையில் எடுக்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றில் கடன் கொடுக்கும் நிறுவனம் பூட்டுச் செயலி ஒன்றைப் போட்டுவிடுகிறது. தவணை தவறினால் திரை முடங்கிவிடும். நிறுவனங்கள் தம் ஊழியர்களின் போன்களைக் கட்டுப்படுத்துவதற்காக ஆண்ட்ராய்டில் வைக்கப்பட்ட வசதியை இவர்கள் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை வைத்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்தில், குறுஞ்செய்தி வர வேண்டிய போன் முடங்கிப்போய்த் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவணையில் எடுப்பதாக இருந்தால், பூட்டு உண்டா, கடன் முடிந்ததும் அதை யார் நீக்குவார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

செயலி எழுதுபவனாக நான் பார்த்த பக்கம் இது. கணக்குத் திறக்கக் கூகுள் ஒரே ஒரு முறை 25 டாலர் வாங்குகிறது. ஆப்பிள் ஆண்டுதோறும் 99 டாலர் வாங்குகிறது. பிறகு கமிஷன். செயலிக்குள் விற்கும் மின்னணுப் பொருளுக்கும் சந்தாவுக்கும் இரண்டுமே நீண்ட காலம் 30 விழுக்காடு எடுத்துவந்தன. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிக்கும் சிறியவர்களுக்கு ஆப்பிளும், முதல் பத்து லட்சம் டாலர் வருவாய் வரை எல்லோருக்கும் கூகுளும், 2021-இல் அதை 15 விழுக்காடாகக் குறைத்தன. ஆப்பிள் எல்லாவற்றிலும் முப்பது விழுக்காடு பிடுங்குகிறது என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கையால் தொடக்கூடிய பொருளுக்கும் நேரில் கிடைக்கும் சேவைக்கும் இந்தக் கமிஷன் கிடையாது. எங்கள் செயலியில் அறுவடை இயந்திரத்துக்குக் கொடுக்கும் வாடகையில் இருவருக்கும் ஒரு காசும் போகவில்லை. பணம் யுபிஐ வழியே நேராக உரிமையாளருக்குப் போகிறது. ஆனால் திருமணத் தகவல் தளம் போன்ற சந்தா வியாபாரத்துக்குக் கமிஷன் உண்டு. 2024 மார்ச் தொடக்கத்தில், கட்டணத் தகராற்றில் சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட சில இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. மத்திய அரசு தலையிட்டபின் சில நாள்களில் அவை திரும்பி வந்தன. திறந்த தளம் என்று பெயர் பெற்றதும் தேவைப்பட்டால் கதவைச் சாத்தும் என்பதற்கு இது போதும். ஆண்ட்ராய்டில் வேறு கடையிலிருந்தோ நேரடியாகவோ செயலியை நிறுவ வழி உண்டு, நம் நாட்டில் ஐபோனில் அந்த வழி இல்லை என்ற வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழியாகத்தான் வங்கிப் பெயரிலும் மின்வாரியப் பெயரிலும் போலிச் செயலிகள் வந்து கணக்கைக் காலி செய்கின்றன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். வாசகருக்குப் பயன்படும் செய்தி ஒன்று: சில சந்தாக்களை ஐபோன் செயலிக்குள் வாங்கினால் விலை கூடுதலாக இருக்கும், அதையே உலாவியில் அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் வாங்கினால் குறையும். கமிஷன் வாடிக்கையாளர் தலையில் ஏறும் வழி இதுதான்.

அந்தரங்கப் பாதுகாப்பைப் பற்றி மருமகன் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவன் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஒரு செயலி மற்றச் செயலிகளிலும் தளங்களிலும் நம்மைப் பின்தொடர வேண்டுமானால் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விதி வகுத்தது. பெரும்பாலோர் மறுத்தார்கள். அடுத்த ஆண்டு வருவாயில் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. விதி உண்மையாகவே வேலை செய்தது என்பதற்கு அடிபட்டவரின் வாக்குமூலத்தைவிடப் பெரிய சான்று வேண்டாம். அதே விதியைச் செயல்படுத்திய முறை போட்டிக்குப் பாதகமானது என்று 2025 மார்ச்சில் பிரான்சின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. கூகுளோ, இடக் குறிப்பைப் பதிவு செய்வதை அணைத்துவிட்டதாக மக்கள் நம்பிய பிறகும் வேறு அமைப்பின் வழியே பதிவு செய்ததாக எழுந்த புகாரில், 2022 நவம்பரில் அமெரிக்காவின் நாற்பது மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இயல்பாகவே குறைவாகச் சேகரிப்பது ஆப்பிள் என்பது என் முடிவு. அதற்குக் காரணம் நல்லெண்ணம் என்பதைவிட, நம்மைப் பற்றிய விவரம் இல்லாமலே அதற்குப் பிழைப்பு நடக்கிறது என்பதே. "பேசிக்கொண்டிருந்தோம், உடனே அதே பொருளுக்கு விளம்பரம் வந்தது, போன் ஒட்டுக்கேட்கிறது" என்று வாரந்தோறும் யாராவது சொல்கிறார்கள். இந்த நிறுவனங்கள் நம் அன்றாடப் பேச்சைக் கேட்டு விளம்பரம் காட்டுவதாக நம்பத்தக்க சான்று எதுவும் வெளிவரவில்லை. நாம் தேடியது, ஒரே வைஃபையில் இருக்கும் வீட்டார் தேடியது, நாம் போன இடம் ஆகியவையே அவர்களுக்குப் போதுமானவை. ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை.

இனிக் காசுக் கணக்கு. போனின் உண்மையான விலை, கொடுத்த தொகையை அது பாதுகாப்பாக ஓடும் ஆண்டுகளால் வகுத்தால் கிடைப்பது. 2015-இல் வந்த ஐபோன் 6எஸ், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில், 2021-இல் வெளியான ஐஓஎஸ் 15 வரை புதுப்பிப்பு பெற்றது. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2024-இல் வெளியான ஐஓஎஸ் 18 வரை பெற்றது. ஆண்ட்ராய்டில் இந்த ஆயுள் வெகுநாள் எட்டாக் கனியாகவே இருந்தது. 2023-இல் பிக்சல் 8, 2024-இல் சாம்சங் எஸ்24 ஆகியவற்றிலிருந்துதான் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு என்ற உறுதிமொழி வந்தது. மலிவு போன்களில் பலவற்றுக்கு இன்றும் இரண்டு மூன்று ஆண்டுகளோடு முடிந்துவிடுகிறது. போன் ஓடும், ஆனால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். வங்கிச் செயலிகள் பழைய பதிப்பில் திறக்க மறுக்கும். ஆயுள் நீள்வதும் முழுக்கத் தர்மமல்ல. பழைய பேட்டரி கொண்ட ஐபோன்களின் வேகத்தைத் தானாகவே குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. திடீரென அணைந்துபோகாமல் காக்கவே அப்படிச் செய்ததாக விளக்கியது. தொழில்நுட்பமாக அந்த விளக்கம் சரியானதே. முன்கூட்டியே சொல்லாததுதான் குற்றம்.

பழுது பார்ப்பவனாக எனக்கு மனத்தாங்கல் இருப்பது வேறு இடத்தில். நம் பக்கம் போன் சாவது பெரும்பாலும் மூன்று விதம்: கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைவது, வாய்க்காலிலோ வயல் தண்ணீரிலோ விழுவது, களத்து மேட்டின் நெல் சுணையும் தூசும் சார்ஜ் துளையிலும் ஒலிபெருக்கியிலும் அடைவது. மூன்றாவதற்கு மெல்லிய தூரிகையே போதும். பரவலாக விற்கும் ஆண்ட்ராய்டு போனின் டிஸ்ப்ளே காம்போ (தொடுதிரையும் காட்சித்திரையும் சேர்ந்த பாகம்) எந்த ஊரிலும் கிடைக்கும், அரைநாளில் மாற்றிவிடலாம். ஐபோன் 11-இலும் அதற்குப் பின் வந்த ஐபோன்களிலும் டிஸ்ப்ளேயை வெளிக்கடையில் மாற்றினால், உதிரிபாகம் அசல்தானா என்று தெரியவில்லை என்ற செய்தி போனின் அமைப்புகளில் (செட்டிங்ஸில்) வந்து நிற்கும். திருட்டுப் பாகங்களைத் தடுக்க இது உதவும் என்று நிறுவனம் சொல்வதில் நியாயம் உண்டு. பழுதுச் செலவு ஏறுவதும் நிஜம். பயன்படுத்திய அசல் பாகங்களை ஏற்கும் ஏற்பாடு 2024-இல்தான் தளர்ந்து வந்திருக்கிறது. ஐபோன் உடைந்தால் ஆகும் செலவில் ஒரு புதிய ஆண்ட்ராய்டு போன் வாங்கிவிடலாம் என்று உங்கள் தம்பி சொல்லியிருந்தால், அது பொய்யல்ல.

ஆகவே என் ஆலோசனை: வயலுக்கும் வங்கிக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அலையும் பெரியவர் கையில் இருக்க வேண்டியது ஆண்ட்ராய்டு போன்தான். ஆனால் பன்னிரண்டாயிரத்தில் நிற்காமல், முடிந்தால் இன்னும் சில ஆயிரம் சேர்த்து, எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்று எழுத்தில் அறிவித்திருக்கும் நிறுவனத்தின் போனாக வாங்குங்கள். வாங்கிய அன்றே தேவையற்ற செயலிகளை நீக்குங்கள். மாணவனுக்குப் படிப்புக்கு ஐபோன் தேவை என்று சொல்ல எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. நிரல் எழுதக் கற்பவனுக்கு ஆண்ட்ராய்டு இன்னும் வசதி; ஆப்பிளுக்குச் செயலி எழுத வேண்டுமானால் தனியே ஒரு மேக் கணினியும் வேண்டும். கேமராவுக்காகவோ நண்பர்களிடையே ஒரு மதிப்புக்காகவோ ஐபோன் வேண்டும் என்று அவன் நேர்மையாகச் சொன்னால் அது தவறான ஆசை அல்ல. கொள்கையின் பெயரைச் சொல்லிக் கடன் வாங்க வைப்பதுதான் கூடாது.

ஒருவேளை இடைவழியாகப் பழைய ஐபோன் வாங்குவது என்று முடிவானால், மூன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் எதிரிலேயே வெளியேறி, போனை முழுவதும் அழித்துத் தர வேண்டும்; இல்லாவிட்டால் அந்த போன் அவருடைய கடவுச்சொல் இல்லாமல் திறக்காது, எங்களைப் போன்ற கடைக்காரர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. அமைப்புகளில் பேட்டரியின் நலன் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். விசைப்பலகையில் *#06# அழுத்தினால் வரும் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணை (அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணை), கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எழுதி 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். களவு போனதாகப் பதிவான போன் என்றால் தொலைத்தொடர்புத் துறையின் பதிலிலேயே தெரிந்துவிடும். இந்தக் கடைசிச் சோதனை ஆண்ட்ராய்டு போனுக்கும் பொருந்தும். பில் இல்லாமல் எந்த போனையும் வாங்காதீர்கள்.